பரிமாறுகிறவர்களும் உட்காருங்கள்

அன்புள்ள வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளுக்கு,

சிம்மக்கல்லில் இருந்து உங்கள் டீச்சர் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். மீதிப் பேரின் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்த உரிமையில்தான் இந்த மடலை எல்லாருக்குமாக எழுதுகிறேன். போன ஞாயிறு கூட்டத்தில் பேச எழுந்தேன், ஆராதனைக்கு மணியடித்துவிட்டது. எழுத்தில் என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

தை மாதம் வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பதினான்கு பேர் பத்து நாள் நம்மோடு இருக்க வருகிறார்கள். கோடை விடுமுறையில் உங்களில் பன்னிரண்டு பேர் ஜார்க்கண்ட் போகிறீர்கள். இரண்டு பயணத்துக்கும் நீங்கள் போட்ட பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதலாவதில் மேடை, ஷாமியானா, பொன்னாடை பதினான்கு, சந்தன மாலை பதினான்கு, ஏசி வேன், லாட்ஜில் ஏழு அறை. இரண்டாவதில் போர்வை, நோட்டுப் புத்தகம், பழைய துணி மூட்டை, படம் காட்ட புரொஜெக்டர். கணக்கு வழக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு தாளிலும், இங்கே வருகிறவர்களோடும், நீங்கள் போகிற இடத்தில் இருக்கிறவர்களோடும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு என்று ஒரு வேளைகூடக் குறித்து வைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது இப்படித்தான் ஒரு குழு வந்தது. எங்கிருந்து, எந்தச் சபைக்கு என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பிள்ளைகள் விடுதிச் சுவருக்கு நீல வண்ணம் அடித்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், நிறையப் படம் எடுத்தார்கள். நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் விடியற்காலம் எழுந்து அவர்களுக்குச் சமைத்தோம். மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துப் பரிமாறினோம். அவர்கள் சாப்பிடும்போது நான் சுவரோரம் பனையோலை விசிறியோடு நின்றேன். அவர்கள் எழுந்துபோன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டோம். பத்து நாளும் இப்படியே. கடைசி நாள் என் வயசுப் பெண் ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், முகவரி கேட்டாள். என் பள்ளி நோட்டில் இருந்து தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி வரவில்லை.

அவள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. எழுத அவளுக்கு என்ன இருந்தது, சொல்லுங்கள்? என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அக்கா தங்கை உண்டா என்று எனக்குத் தெரியாது. பத்து நாளும் அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றிருந்தேன். நிற்கிறவளும் உட்கார்ந்திருக்கிறவளும் ஒருவரை ஒருவர் எப்படி விசாரித்துக்கொள்வார்கள்?

இந்த வருத்தம் எனக்கு முன்னாலேயே ஒருவருக்கு வந்து, அவர் அதை உலகமே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைத்தான் சொல்கிறேன். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளில் இருந்து போனவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து நின்று, வந்த மிஷனரிகள் பொருள் தந்ததையும் உயிரைத் தந்ததையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பிறகு, இன்னும் தராதது ஒன்று உண்டு, அது சிநேகிதம் என்று கேட்டார். தங்களோடு வேலை செய்யும் இந்திய ஊழியரை வீட்டுக்குள் சமமாக உட்கார வைத்து ஒரு வேளை சாப்பிடாத மிஷனரிகளைப் பற்றி அந்தச் சபையிலேயே பேசினார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவரோ வாய்க்கு வந்ததைப் பேசியவர் இல்லை. ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் தமிழ் படித்து, அவரோடு ஊர் ஊராகச் சுற்றி, உயிர்ச் சிநேகிதராக ஆகியிருந்தார். ஒரு நல்ல சிநேகிதத்தை ருசித்துப் பார்த்தவர் என்பதால்தான் மற்றவர்களிடம் அது இல்லாதது அவருக்கு அப்படி உறைத்தது. இரண்டு வருஷம் கழித்து தோர்ணக்கல்லில் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

நம் மதுரைக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணம் வழியாக இங்கே வந்தது. 1847இல் அந்த மிஷனார் தம் சபையாரிடம், சாதி பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பலர் மறுத்துச் சபையில் இருந்து விலக்கப்பட்டார்கள். பசுமலையில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் பலர் வெளியேறினார்கள். சாதியை விடச் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 1847இல் சாப்பாட்டைப் பரீட்சையாக வைத்தவர்கள் வெளியில் இருந்து வந்தவர்கள். 1910இல் எங்களோடு நீங்கள் உட்காருங்கள் என்று கேட்டவர் நம்மவர். நடுவில் அறுபத்து மூன்று வருஷம். நம்மைச் சேர்ந்து சாப்பிடச் சொன்ன பந்தியில் அவர்களும் நம்மோடு உட்கார்ந்திருந்தால் அசரியா எடின்பரோ வரை போய்க் கேட்டிருக்க வேண்டாம்.

உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றிகெட்டவள் ஆவேன்.

திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியவர்கள் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். வசதியான குடும்பத்துப் பிள்ளை. அந்த ஊர்க்காரர்கள் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், பிள்ளைகளே. வெள்ளைக்காரரைத் துரை என்று அழைத்துக் கைகட்டி நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பி முறையில் ஆயுள் முழுக்க வாழ்ந்தார். கதர் உடுத்தினார். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றபோது போலீஸ் அடியும் வாங்கினார்.

நம் ஊர்ப் பக்கம் ரால்ஃப் ரிச்சர்டு கெய்தான் இருந்தார். 1925இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர். காந்தியின் கடிதத்தை 1930இல் வைசிராயிடம் கொண்டுபோன ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தம் வீட்டில் விருந்தாளியாக வைத்திருந்தார். விருந்தாளிக்குச் சோறு போட்டதே குற்றமாகிவிட்டது. அந்த வருஷமே கெய்தான் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தார். 1944இல் மறுபடியும் அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் வந்து காந்திகிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார். வைகைக்கு அக்கரையில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரியில் படித்து, காந்தியின் குரல் கேட்டுப் படிப்பை விட்ட எஸ்.ஜெகந்நாதன் திருப்பத்தூர் ஆசிரமத்தில் சேர்ந்தவர். பிறகு கெய்தானோடு தோள் சேர்ந்து வேலை செய்தவர். பின்னாளில் அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் நிலமில்லாதவர்களுக்காகப் பட்ட பாட்டை உங்கள் தாத்தாமாரைக் கேளுங்கள். ஏ.வி. பாலத்தில் நடந்து கோரிப்பாளையம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அந்தப் பாலம் 1889இல் கட்டியது. எத்தனை பேர் அதன் மேல் இக்கரைக்கும் அக்கரைக்கும் போயிருப்பார்கள்! நாம் மறக்காமல் வைத்திருப்பது, நம்மோடு சேர்ந்து எதையாவது இழந்தவர்களைத்தான்.

இவர்கள் எல்லாரும் ஆண்டுக் கணக்கில் தங்கினவர்கள், பத்து நாளில் என்ன ஆகும் டீச்சர் என்று கேட்பீர்கள். ஆகும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். வந்திருந்த ஒரு குழுவில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்திக்கு மூன்றாம் நாளே காய்ச்சல். மற்றவர்கள் வேனில் கிராமங்களுக்குப் போக, அவளை என் வீட்டில் விட்டார்கள். எங்கள் சந்தில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பூக்கார அக்கா ஒருவர் சாயங்கால வியாபாரத்துக்கு மல்லி கட்டுவார். பேச்சியம்மன் கோயிலுக்குத் தினமும் முதல் முழம் கொடுத்துவிட்டுத்தான் விற்கத் தொடங்குவார். காய்ச்சல்காரிக்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் பருப்புத் துவையலும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அந்தப் பெண் எழுந்துபோய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மல்லி கட்டுவது பார்க்க எளிது. இரண்டு மொட்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் காம்போடு காம்பு சேர்த்து இடக்கை விரலில் பிடித்து, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணி போட்டு இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்த்தினால் மொட்டு உதிரும். அக்காவின் கை தானாக ஓடும். அவர் பூவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கட்டுவார். இவள் கட்டியதெல்லாம் மடியில் உதிர்ந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் விரலை எடுத்துத் தன் விரல் மேல் வைத்துக்கொண்டு, "இப்பிடி… மெதுவா… அவ்வளவுதான்" என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டதால் நடுவில் பேச ஆளும் இல்லை. "விடு தாயி, நாளைக்கு வரும்" என்று அக்கா சொன்னதை மட்டும் அவள் அப்படியே பிடித்துக்கொண்டு, வந்து என்னிடம் அர்த்தம் கேட்டாள்.

திண்ணையில் உட்கார்ந்த நாலாம் நாள் ஒரு முழம் முடித்தாள். அங்கங்கே இடைவெளி விட்ட முழம். அக்கா அதை விற்கவில்லை. தன் கொண்டையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வியாபாரத்துக்குப் போனார்.

அந்தப் பெண் எழுதினாள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம், அக்கா பேருக்கு, என் முகவரிக்கு. நான் படித்துச் சொல்வேன். அக்கா சொல்வதை எழுதி அனுப்புவேன். மல்லி என்ன விலை, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, வைகையில் தண்ணீர் வந்தது, முழங்கால் வலி. அங்கிருந்து பனி, ஆஸ்பத்திரி வேலை, அவளுடைய அம்மா இறந்தது. அக்கா காலமான செய்தியை எழுதினேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவளுடைய வீட்டுத் தோட்டத்தில் பூத்த ஏதோ ஒரு வெள்ளைப் பூவை நூலில் கட்டி, தன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். கண்ணி சரியாக விழுந்திருந்தது.

அந்தக் குழுவில் வந்தவர்களில் அவள் ஒருத்திதான் எதையும் கொடுக்க முடியாமல் படுத்தவள். வாங்கிக்கொண்டாள். அதனால் எங்கள் சந்தில் ஒருத்தி ஆனாள். அக்கா கடைசி வரை கோயிலுக்குப் போனார். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் இங்கே பிரசங்கம் செய்ய அனுமதி கிடையாது. ஆகவே மேடை ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். அது அவர்களையும் நம்மையும் சிக்கலில் விடும். கூடி ஆராதிக்கலாம், கூடச் சமைக்கலாம், கூடச் சாப்பிடலாம். லாட்ஜ் வேண்டாம், வீட்டுக்கு இரண்டு பேராக ஏழு வீட்டில் தங்கட்டும். வெளிநாட்டார் தங்கும் வீட்டுக்காரர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அந்த விவரத்தைப் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பிகள் ஏழு வீட்டுக்கும் அதைச் செய்து கொடுங்கள். கக்கூஸ் சின்னதாக இருக்கிறதே, ஏசி இல்லையே என்று வீட்டுக்காரர்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் உங்கள் வேலைதான். பாத்திரம் கழுவ அவர்கள் எழுந்தால் தடுக்காதீர்கள், கழுவட்டும். அரிவாள்மனையில் காய் நறுக்கத் தெரியவில்லை என்றால் தேங்காய் துருவச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நமக்குக் கற்றுத் தரவும் இடம் கொடுங்கள். நம் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவதை மட்டும் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். தாய் தகப்பனிடம் கேட்டு எடுக்கட்டும்.

அடுத்தது ஜார்க்கண்ட். இங்கேதான் எனக்கு உங்கள் மேல் பயம் அதிகம். ஏனென்றால் அங்கே நீங்கள்தான் துரை.

தமிழ்ச் சபைகள் வெளியே ஆள் அனுப்புவது புதிதில்லை. அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நம் காசு, நம் ஆள். ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைகளில் பஹாரியா மக்களிடம் பிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டின் தமிழ் ஊழியர்கள் வருஷக் கணக்காகத் தங்கியிருக்கிறார்கள். மலேரியாவும் கருங்காய்ச்சலும் சுற்றிவந்த மலைகள் அவை. பெயரிலேயே நண்பர்கள் என்று வைத்துக்கொண்டவர்கள். அங்கேயே காய்ச்சலில் விழுந்தவர்களும் உண்டு. நீங்கள் அந்த மலைக்குப் போய் இரண்டு வாரம் இருந்து, போர்வை மூட்டையைப் பிரித்து, வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்தால், நாற்பது வருஷத்துக்கு முன் நான் சுவரோரம் நின்றதைப் போல அங்கே ஒரு பெண் நிற்பாள். 2017இல் அந்த மாநிலம் போட்ட சட்டப்படி ஆசை காட்டி மதம் மாற்றுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், கையில் போர்வையை நீட்டிக்கொண்டே பேசுகிற பேச்சைக் கேட்கிறவர் எப்படி மனம்விட்டுப் பதில் சொல்ல முடியும்? மூட்டையை அங்கே இருக்கிற ஊழியர்களிடம் முதல் நாளே ஒப்படைத்துவிடுங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குள் போங்கள்.

போய் என்ன பேசுவது என்றால், அவர்களுடைய பேச்சைக் கேளுங்கள். அந்த மலையில் பேசுகிற மால்தோ நம் தமிழுக்குச் சொந்தக்காரி, திராவிட மொழி. நாம் 'நான்' என்பதை அவர்கள் 'ஏன்' என்பார்கள்; 'நீ' என்பதை 'நீன்' என்பார்கள். இவ்வளவு தூரம் ரயிலில் போய் ஒரு குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து, 'நீன்' என்று ஒரு பாட்டி உங்களைக் கூப்பிடுவதைக் கேட்கும்போது, பாடம் நடத்த வந்தோம் என்ற நினைப்பு தானாக இறங்கும். அவர்கள் ஆக்கித் தருவதைச் சாப்பிடுங்கள். சோளம் இருந்தால் சோளம். வீட்டில் கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் முறுக்கையும் வேனுக்குள் ஒளித்து வைத்துத் தின்னாதீர்கள். அதையும் அந்தத் திண்ணையிலேயே பிரியுங்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கசப்பாக இருக்கும். எட்டாயிரம் மைல் தாண்டி வருகிறவர்களைக் கட்டிப்பிடிக்கிற நாம், அடுத்த தெருச் சபைப் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறோமா? கரோல் ரவுண்ட்ஸ் போகும்போது எந்தத் தெருவில் நின்று டீ குடிக்கிறோம், எந்தத் தெருவில் வாசலோடு பாடிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்? உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிற இடம் உண்டு. 1847இல் பந்தியில் இருந்து எழுந்துபோனவர்கள் எல்லாரும் செத்துப்போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை. தை மாதம் வருகிறவர்களைத் தங்க வைக்க ஏழு வீடு தேவை என்றேன். அந்த ஏழும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது. நான்கு தெரு, இரண்டு சபை. இதில் யாராவது முகம் சுளித்தால், அவர்கள் வீட்டுப் பேச்சை என்னிடம் விடுங்கள். நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். வயசாகிவிட்டது, எனக்கு இனி யாரிடமும் பயமில்லை.

பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் பெரிய ஜமுக்காளம் நாலு வாங்கச் சொல்லி ஆயரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். வாழையிலை யானைக்கல்லில் சொல்லி வைத்துவிடலாம். பரிமாற முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வேளை நாம், ஒரு வேளை அவர்கள். பரிமாறுகிறவர்களும் கடைசிப் பந்தியில் தனியே போகாமல், எல்லாருக்கும் ஒரு சுற்றுப் போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு வேண்டியவர்கள் அவரவர் எழுந்து போட்டுக்கொள்ளட்டும்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு உங்களில் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வாருங்கள். பையன்களும்தான். பூக்கார அக்காவின் மகள் வருகிறாள். அவளுக்குத் தன் அம்மாவின் கை. வருகிறவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் உங்களுக்கு வர வேண்டும் இல்லையா? ஆளுக்கு ஒரு முழமாவது கட்டாமல் விடமாட்டேன். நார் நான் நனைத்து வைக்கிறேன். பூ மட்டும் வரும்போது வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சிம்மக்கல், மதுரை